முதல் வீடு வாங்கப் போகிறீர்களா? நல்ல ஏஜென்ட்டைத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

முதல் முறையாக வீடு வாங்குகிறவர்கள் வீட்டைத் தேடுவதில் காட்டும் கவனத்தில் பாதியைக்கூட ஏஜென்ட்டைத் தேடுவதில் காட்டுவதில்லை. விளம்பரத்தில் இருந்த எண்ணுக்கு ஒரு போன் போடுவார்கள். எடுத்துப் பேசியவர் இரண்டு வீடு காட்டுவார். அப்புறம் அவரே ஏஜென்ட் ஆகிவிடுவார். அப்படி அமைகிறவர் நல்லவராகவும் இருக்கலாம். ஆனால் வாழ்நாளில் நீங்கள் செய்யப்போகும் மிகப் பெரிய செலவு இது. அதில் உங்கள் பக்கத்தில் நிற்கப்போகிறவரை, முதலில் போனை எடுத்தவர் என்பதற்காக ஏற்றுக்கொள்ளக் கூடாது.

ஏஜென்ட்டின் வருமானம் பெரும்பாலும் கமிஷன். வியாபாரம் முடிந்தால்தான் அவருக்குக் காசு. அந்த நிலையிலும் ‘இந்த வீடு உங்களுக்கு வேண்டாம்’ என்று சொல்லக்கூடியவரையே நான் நல்ல ஏஜென்ட் என்பேன். அப்படிப்பட்டவரா என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே கண்டுகொள்ள வழிகள் இருக்கின்றன.

முதலில் உங்கள் கணக்கை முடியுங்கள்

ஏஜென்ட்டிடம் போகும் முன் உங்கள் கையிருப்பு, மாதத் தவணையாகக் கட்டக்கூடிய தொகை, வங்கி எவ்வளவு கடன் தரும் என்ற மூன்றும் தெரிந்திருக்க வேண்டும். பல வங்கிகள் வருமானத்தைப் பார்த்துவிட்டு, வீடு முடிவாகும் முன்பே கொள்கையளவில் ஒப்புதல் கடிதம் தருகின்றன. அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதிவுச் செலவு, வரி, வழக்கறிஞர் கட்டணம், ஏஜென்ட் கமிஷன், குடிபோகும் முன் செய்யவேண்டிய பழுதுவேலை எல்லாம் வீட்டின் விலைக்கு மேல் வருபவை. முதல் முறை வாங்குகிறவர்கள் இடறுவது இங்கேதான்.

வீட்டில் இருப்பவர்களோடு உட்கார்ந்து, கட்டாயம் வேண்டியவை எவை, இருந்தால் நல்லது என்பவை எவை என்று பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். இந்தத் தெளிவு இல்லாமல் போனால், ஏஜென்ட் கையில் இருக்கும் வீடே உங்கள் தேவையாக மாறிவிடும்.

அவர் யாருடைய ஆள்?

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஏஜென்ட்டில் மூன்று வகை உண்டு. விற்கிறவருக்காக வேலை செய்கிறவர், வாங்குகிறவருக்காக வேலை செய்கிறவர், ஒரே வியாபாரத்தில் இரண்டு பக்கமும் நிற்கிறவர். விளம்பரத்தில் இருப்பது பெரும்பாலும் விற்கிறவரின் ஏஜென்ட்டுடைய எண்தான். அவர் உங்களிடம் மரியாதையாகப் பேசலாம், வீட்டை நேர்மையாகவே காட்டலாம். ஆனால் அதிக விலைக்கு விற்றுக் கொடுப்பதுதான் அவர் ஏற்றுக்கொண்ட பொறுப்பு. அவரிடம் ‘இன்னும் கொஞ்சம் ஏற்றிக்கூடத் தரத் தயார்’ என்று நீங்கள் சொல்லிவிட்டால், அந்தச் செய்தி விற்கிறவர் காதுக்குப் போகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நாட்டுக்கு நாடு இது மாறுகிறது. பிரிட்டனில் எஸ்டேட் ஏஜென்ட் என்றாலே பொதுவாக விற்கிறவரால் அமர்த்தப்பட்டவர். வாங்குகிறவருக்கு ஆள் வேண்டுமென்றால் தனியாக அமர்த்திக்கொள்ள வேண்டும். சிங்கப்பூரில் ஒரே வியாபாரத்தில் இரு தரப்புக்கும் ஒருவரே ஏஜென்ட்டாக இருப்பது சட்டப்படி தடை. அமெரிக்காவில் இது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. சில மாநிலங்கள் இரட்டைப் பிரதிநிதித்துவத்தைத் தடுக்கின்றன, மற்றவை இரு தரப்பின் சம்மதத்தோடு அனுமதிக்கின்றன. கனடாவின் ஒன்டாரியோவில் 2023 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் சட்டப்படி, உங்களுக்குச் சேவை தொடங்கும் முன் ஒழுங்குமுறை அமைப்பின் தகவல் கையேட்டைத் தந்து விளக்க வேண்டியது ஏஜென்ட்டின் கடமை. இந்தியாவில் ஒரே தரகர் இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குவது சகஜம்.

எங்கே இருந்தாலும் முதல் பேச்சிலேயே நேராகக் கேட்டுவிடுங்கள்: ‘இந்த வியாபாரத்தில் நீங்கள் யாருக்காக வேலை செய்கிறீர்கள்? உங்களுக்கு யார் பணம் தருகிறார்கள்?’ பதில் ஒரே வரியில் வரவேண்டும். ‘எல்லாருக்கும் நல்லது செய்வதுதான் என் தொழில்’ என்று சுற்றி வளைத்தால், அவர் உங்களுக்காக மட்டும் நிற்கப்போவதில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பக்கத்து ஏஜென்ட்டாகவே இருந்தாலும் கமிஷனின் கணக்கு ஒன்றைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. கமிஷன் 2 சதவீதம் என்று வையுங்கள். அவர் பேரம் பேசி 100 ரூபாயை 95 ஆகக் குறைத்தால் உங்களுக்கு 5 ரூபாய் மிச்சம். அவருக்கோ 10 காசு நஷ்டம், அதோடு பல நாள் கூடுதல் உழைப்பு. கெட்ட எண்ணமே இல்லாத ஏஜென்ட்டுக்கும் ‘சீக்கிரம் முடித்துவிடலாம்’ என்று தோன்றுவது இதனால்தான். விற்கும் பக்கத்திலும் இதே கதைதான். பொருளாதார அறிஞர்கள் ஸ்டீவன் லெவிட்டும் சாட் சைவர்சனும் சிகாகோ பகுதியில் ஏறக்குறைய ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள். ஏஜென்ட்டுகள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது சந்தையில் சராசரியாக 9.5 நாள் கூடுதலாக வைத்திருந்து, 3.7 சதவீதம் அதிக விலைக்கு விற்றிருக்கிறார்கள். சொந்தக் காசு என்றால் பொறுமை தானாக வருகிறது. உங்கள் காசுக்கும் அந்தப் பொறுமையைக் காட்டக்கூடியவர் யார் என்பதுதான் நம் தேடல்.

பெயர்களைச் சேகரிப்பது

கடந்த ஓரிரு ஆண்டில், நீங்கள் தேடும் அதே பகுதியில், உங்கள் பட்ஜெட்டுக்கு நெருக்கமாக வீடு வாங்கியவர்களிடம் கேளுங்கள். பத்து வருஷத்துக்கு முன் வாங்கியவரின் சிபாரிசு அன்பானதுதான், ஆனால் இன்றைய சந்தைக்கு அதிகம் உதவாது. ‘ஏஜென்ட் நல்லவரா?’ என்று கேட்டால் ‘ரொம்ப நல்லவர்’ என்றுதான் சொல்வார்கள். அதைவிட, ‘அட்வான்ஸ் கொடுத்த பிறகு ஏதாவது சிக்கல் வந்ததா? அப்போது அவர் என்ன செய்தார்?’ என்று கேளுங்கள். சிக்கலில் எப்படி நடந்துகொண்டார் என்று சொல்லும்போது ஆள் எப்படிப்பட்டவர் என்பது தெரிந்துவிடும்.

இணைய மதிப்பீடுகளைப் படிக்கும்போது நட்சத்திரங்களை விட்டுவிட்டு, விவரம் எழுதியிருப்பதை மட்டும் பாருங்கள். குறைசொல்லி எழுதியவருக்கு ஏஜென்ட் எப்படிப் பதில் எழுதியிருக்கிறார் என்பதையும் பாருங்கள். வீடு கட்டி விற்கும் நிறுவனம் ‘எங்கள் ஏஜென்ட்’ என்று அனுப்புகிறவர் அந்த நிறுவனத்தின் ஆள், உங்களுடையவர் அல்ல.

சொந்தக்காரர் ஒருவர் இந்தத் தொழிலில் இருப்பார், அவரை விட்டு வேறு ஆளிடம் போனால் மனவருத்தம் வரும் என்ற தயக்கம் பலருக்கு உண்டு. அவர் அந்தப் பகுதியையும் அந்த வகை வீட்டையும் நன்றாகத் தெரிந்தவர் என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் எல்லாமே வெளியாளிடம் போலவே எழுத்தில் இருக்கட்டும். பிடிக்கவில்லை என்றால் விலகிவரும் வழியும் அதில் இருக்கட்டும். உறவுக்குள் வாய்ப்பேச்சாக விட்டதுதான் பிறகு வருத்தத்தில் முடிகிறது.

மூன்று பெயர்கள் போதும்.

பதிவும் உரிமமும்

இது ஐந்து நிமிட வேலை. இருந்தும் பெரும்பாலானவர்கள் செய்வதில்லை. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டத்தின் 9ஆவது பிரிவுப்படி, அந்தச் சட்டத்தின் கீழ் பதிவான திட்டங்களில் மனையோ வீடோ விற்றுக்கொடுக்கும் ஏஜென்ட் பதிவு செய்திருக்க வேண்டும். ஒவ்வொரு விற்பனையிலும் தன் பதிவு எண்ணைக் குறிப்பிடவும் வேண்டும். ரேரா என்று சொல்வது இதைத்தான். மாநில ஆணையத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். ஒன்றைக் கவனியுங்கள்: தனியார் ஒருவர் தன் பழைய வீட்டை விற்கும் மறுவிற்பனையில் இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் எட்டாது. அங்கே உங்கள் சொந்த விசாரணைதான் துணை.

சிங்கப்பூரில் எஸ்டேட் ஏஜென்சிகள் மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் ஏஜென்ட்டின் பெயரையோ போன் எண்ணையோ வைத்துத் தேடலாம். அமெரிக்காவில் மாநில அரசின் உரிமத் துறை இருக்கிறது. ஒன்டாரியோவில் ஒழுங்குமுறை அமைப்பின் தளத்திலேயே தேடலாம். பிரிட்டனில் உரிமம் என்று ஒன்று இல்லை. ஆனால் அங்கீகரிக்கப்பட்ட குறைதீர்ப்புத் திட்டம் ஒன்றில் உறுப்பினராக இருப்பது கட்டாயம், அதைக் கேட்டுச் சரிபாருங்கள். உரிமம் இருக்கிறதா என்பதோடு, அது யார் பெயரில், எந்த நிறுவனத்தின் கீழ், எந்தத் தேதி வரை என்பதையும் பாருங்கள். உங்களோடு பேசுகிறவரின் பெயரும் பதிவேட்டில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

முதல் உரையாடல்

மூவரையும் ஆளுக்கு அரை மணி நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். முடிந்தால் நேரில். அவர் எவ்வளவு பேசுகிறார், எவ்வளவு கேட்கிறார் என்று கவனியுங்கள். உங்கள் வேலை, குடும்பம், கடன், எத்தனை வருஷம் அங்கே இருக்க நினைக்கிறீர்கள் என்பதையெல்லாம் விசாரிக்காமலேயே ‘உங்களுக்கு ஏற்ற வீடு ஒன்று இருக்கிறது’ என்று ஆரம்பிக்கிறவருக்கு, உங்களுக்கு எது ஏற்றது என்று எப்படித் தெரியும்?

நான் கட்டாயம் கேட்கச் சொல்வது இவை:

- கடந்த ஒரு வருஷத்தில் வாங்குகிறவர் பக்கம் நின்று எத்தனை வீடு முடித்தீர்கள்? அதில் முதல் வீடு வாங்கியவர்கள் எத்தனை பேர்?
- இந்தப் பகுதியில் அண்மையில் விற்ற மூன்று வீடுகள் என்ன விலைக்குப் போயின? ஏன் அந்த விலை?
- இந்தப் பகுதியில் எந்த வீட்டை நீங்கள் சிபாரிசு செய்ய மாட்டீர்கள்?
- வாங்க வேண்டாம் என்று வாடிக்கையாளரிடம் நீங்களே சொன்ன வீடு ஒன்றைப் பற்றிச் சொல்லுங்கள்.
- எனக்கு வீடு காட்ட நீங்கள் வருவீர்களா, உதவியாளர் வருவாரா?
- வங்கி, வழக்கறிஞர், கட்டட நிறுவனம் யாரிடமிருந்தாவது உங்களுக்குச் சிபாரிசுத் தொகை வருகிறதா?

நான்காவது கேள்விதான் எனக்கு மிக முக்கியம். அனுபவமும் நேர்மையும் உள்ளவருக்கு அப்படி ஒரு வியாபாரமாவது நினைவில் இருக்கும். சுவரில் ஈரம், பத்திரத்தில் வாரிசுச் சிக்கல், பக்கத்தில் வரப்போகும் சாலை விரிவாக்கம் என்று விவரத்தோடு சொல்வார். ‘அப்படி எதுவும் நடந்ததில்லை, நான் காட்டுவதெல்லாம் நல்ல வீடுதான்’ என்பவரை விட்டுவிடலாம்.

இரண்டாவது கேள்விக்கு, விளம்பரத்தில் கேட்கப்படும் விலையை மட்டும் சொல்கிறாரா, உண்மையில் விற்ற விலையைச் சொல்கிறாரா என்று பாருங்கள். கேட்கிற விலை விற்பவரின் ஆசை. பேரத்தில் உங்களுக்குத் துணை நிற்கப்போவது விற்ற விலைதான்.

அண்மையில் வாங்கிய இருவரின் தொடர்பைக் கேளுங்கள். அவர்கள் சம்மதம் பெற்றுத் தருகிறேன் என்று சொல்லி ஒரு நாள் எடுத்துக்கொண்டால் அது நல்ல குணம். தரவே முடியாது என்றால் காரணம் கேளுங்கள்.

ஒரு வீட்டை அவரோடு போய்ப் பாருங்கள்

உரையாடலில் நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள் நிறைய. ஒரு வீட்டுக்குள் அவரோடு நடந்து பார்த்தால்தான் உண்மை தெரியும். அமெரிக்காவில் மட்டும் ஒரு விஷயம்: ஏஜென்ட்டுகளின் அமைப்பான தேசிய ரியல்டர்கள் சங்கத்தின் வழக்குச் சமரசத்தால், 2024 ஆகஸ்ட் 17 முதல் அதற்குக் கட்டுப்பட்ட ஏஜென்ட்டுகள் வீடு காட்ட அழைத்துப்போகும் முன்பே வாங்குகிறவரோடு எழுத்து ஒப்பந்தம் போட வேண்டும். அப்படியானால் ஒரே ஒரு வீட்டுக்கோ, சில நாட்களுக்கோ மட்டும் பொருந்தும்படி போடச் சொல்லிக் கேளுங்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் கண் எங்கே போகிறது? கூரையில் நீர்க்கறை, சன்னல் ஓரத்து விரிசல், குழாயில் தண்ணீர் வரும் வேகம், சமீபத்தில் ஒரே ஒரு சுவருக்கு மட்டும் பூசிய புது வண்ணம் ஆகியவற்றை நீங்கள் கேட்காமலே சுட்டிக்காட்டுகிறவர் உங்களுக்காகப் பார்க்கிறார். வெளிச்சத்தையும் சமையலறை மேடையையும் மட்டுமே புகழ்ந்துகொண்டு வருகிறவர் விற்கிறார். விற்கிறவரிடம் ‘ஏன் விற்கிறீர்கள்? எத்தனை நாளாகச் சந்தையில் இருக்கிறது? இதற்கு முன் பேசி முறிந்தது உண்டா?’ என்று ஏஜென்ட்டே கேட்டால் இன்னும் நல்லது. மழை நாளிலோ, இரவிலோ, போக்குவரத்து மிகுந்த நேரத்திலோ இன்னொரு முறை வந்து பார்ப்போம் என்று சொல்கிற ஏஜென்ட் கிடைத்தால் விடாதீர்கள்.

காட்டும் வரிசையையும் கவனியுங்கள். முதலில் இரண்டு மோசமான வீடு, அப்புறம் பட்ஜெட்டைத் தாண்டிய ஒன்று. இது பழைய உத்தி. ஒப்பிடும்போது மூன்றாவது அழகாகத் தெரியும். சொன்ன பட்ஜெட்டைத் தாண்டி ஒரு முறை காட்டினால் காரணம் கேளுங்கள். இரண்டாம் முறையும் காட்டினால், நீங்கள் சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

‘நாளைக்கே இன்னொருத்தர் அட்வான்ஸ் கொடுக்கப் போகிறார்’ என்ற பேச்சு கட்டாயம் வரும். சில சமயம் உண்மையாகவும் இருக்கும். பதறாமல், ‘அவர் எழுத்தில் கொடுத்திருக்கிறாரா?’ என்று கேளுங்கள். உங்கள் பக்கத்து ஆள் என்றால், ‘விசாரித்துச் சொல்கிறேன். ஆனால் அதற்காக உங்கள் விலையை மாற்ற வேண்டாம்’ என்ற மாதிரிப் பேசுவார். ஆவணம் பார்க்கும் முன்பே பணத்தைக் கொடுக்கத் துரிதப்படுத்துகிறவரோடு அன்றே முடித்துக்கொள்ளுங்கள்.

கமிஷனும் ஒப்பந்தமும்

கமிஷன் என்பது எங்கேயும் கல்லில் வெட்டியது அல்ல, பேசலாம். ஆனால் மிகக் குறைவாகக் கேட்பவரே சிறந்தவர் என்றும் எண்ணிவிடாதீர்கள். பேரத்தில் ஒரு நல்ல ஏஜென்ட் மிச்சப்படுத்தித் தருவது கமிஷன் வித்தியாசத்தைவிடப் பல மடங்கு இருக்கலாம்.

எவ்வளவு சதவீதம் என்பதோடு, எந்தத் தொகையின் மீது, வரி சேர்த்தா சேர்க்காமலா, எப்போது கொடுக்க வேண்டும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். அட்வான்ஸ் கொடுத்ததுமே முழுக் கமிஷனையும் கேட்பார்கள். சம்மதிக்காதீர்கள். வீடு உங்கள் பெயருக்கு மாறும் நாளில் தருவதுதான் சரி. நடுவில் பத்திரச் சிக்கல் வந்தால் ஓடியாடி முடித்துக்கொடுக்க அவருக்கும் காரணம் இருக்க வேண்டும்.

வாங்குகிறவர் தரப்பு ஒப்பந்தம் போட்டால் நான்கு இடங்களை நிதானமாகப் படியுங்கள். முதலாவது, காலம்: முதல் முறை குறுகிய காலத்துக்குப் போட்டு, பிடித்திருந்தால் நீட்டித்துக்கொள்ளலாம். இரண்டாவது, எந்தப் பகுதி, எந்த வகை வீடு என்ற எல்லை. மூன்றாவது, அவர் ஒருவரே உங்கள் ஏஜென்ட் என்ற நிபந்தனை. இது இருக்கும்போது இன்னொருவரிடமும் கையெழுத்துப் போட்டால், ஒரே வீட்டுக்கு இரண்டு கமிஷன் கொடுக்க நேரலாம். நான்காவதைப் பலர் பார்ப்பதே இல்லை: ஒப்பந்தம் முடிந்த பிறகும் குறிப்பிட்ட காலத்துக்குள், அவர் காட்டிய வீட்டை நீங்கள் வாங்கினால் கமிஷன் தர வேண்டும் என்ற விதி. அந்த விதி நியாயமானதுதான். ஆனால் காலம் குறுகியதாகவும், ‘காட்டிய வீடுகள்’ என்பது பெயரோடு எழுதிய பட்டியலாகவும் இருக்கட்டும்.

பணம் யார் கைக்குப் போகிறது?

அட்வான்ஸை ஏஜென்ட்டின் சொந்தக் கணக்குக்கு அனுப்பாதீர்கள். ரொக்கமாகவும் அவர் கையில் தராதீர்கள். உங்கள் நாட்டு நடைமுறைப்படி, விற்கிறவரின் கணக்குக்கு ஒப்பந்தத்தோடு நேரடியாகவோ, வழக்கறிஞரோ ஏஜென்ட்டின் நிறுவனமோ வாடிக்கையாளர் பணத்துக்கென்று தனியாக வைத்திருக்கும் அறக்கணக்குக்கோ போகட்டும். ரசீதும், எந்தச் சூழலில் அட்வான்ஸ் திரும்பக் கிடைக்கும் என்ற வரியும் இல்லாமல் பணம் நகரக் கூடாது. இந்தியாவில் புதுக் கட்டடத் திட்டம் என்றால், பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டுநர் வாங்கக் கூடாது என்கிறது அதே 2016ஆம் ஆண்டுச் சட்டம்.

கடைசி நேரத்தில் ‘வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது’ என்று ஒரு மின்னஞ்சல் வந்தால், அது மோசடியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்த அஞ்சலில் இருக்கும் எண்ணுக்குக் கூப்பிடாமல், உங்களிடம் முன்பே இருக்கும் எண்ணில் பேசி உறுதிசெய்யுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து, ஏஜென்ட் பெயரில் அதிகாரப் பத்திரம் (பவர் பத்திரம்) இரண்டுக்கும் எந்தக் காரணத்தாலும் சம்மதிக்க வேண்டாம்.

வழக்கறிஞரையும் பொறியாளரையும் நீங்களே தேர்ந்தெடுங்கள்

பத்திரத்தைப் பார்த்து வில்லங்கம் இருக்கிறதா என்று சொல்லும் வழக்கறிஞரும், கட்டடத்தைச் சோதிக்கும் பொறியாளரும் உங்கள் செலவில், உங்கள் ஆளாக வரவேண்டும். ஏஜென்ட் தரும் பெயர்களை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் வெளியிலிருந்தும் ஓரிரு பெயர் சேர்த்து ஒப்பிட்டுப் பாருங்கள். நல்ல ஏஜென்ட் இதற்குக் கோபப்பட மாட்டார். சோதனைக்கு நேரம் ஒதுக்கும்படி விற்கிறவரிடம் அவரே பேசுவார். ‘நான் எல்லாம் பார்த்துவிட்டேன், வக்கீல் செலவு எதற்கு?’ என்று சொல்கிறவர் உங்கள் செலவைக் குறைக்கவில்லை, வியாபாரம் முறியக்கூடிய ஒரு வாய்ப்பைக் குறைக்கிறார்.

ஒத்துவரவில்லை என்றால்

போன் எடுப்பதில்லை, சொன்னதற்கு மாறான வீடுகளைக் காட்டுகிறார், கேட்ட தகவலைத் தராமல் நாளைக் கடத்துகிறார் என்றால் முதலில் அவரிடமே வெளிப்படையாகப் பேசுங்கள். பல சமயம் அதிலேயே சரியாகிவிடும். குறையை மறைத்தார், பணத்தில் பொய் சொன்னார், உங்கள் உச்ச விலையை எதிர்த்தரப்பிடம் சொல்லிவிட்டார் என்றால் இரண்டாம் வாய்ப்பு தேவையில்லை.

விலகும்போது வாய்வார்த்தையோடு விடாமல் எழுதி அனுப்புங்கள். நிறுவனத்தில் வேலை செய்கிறவர் என்றால் மேலாளரிடம் பேசி வேறு ஏஜென்ட்டைக் கேட்கலாம். பல இடங்களில் ஒப்பந்தம் இருப்பது நிறுவனத்தோடுதான், தனி ஆளோடு அல்ல. அதுவரை காட்டிய வீடுகளின் பட்டியலை எழுத்தில் வாங்கிக்கொண்டு, புதிதாக வருகிறவரிடம் முதல் நாளே அதைக் காட்டிவிடுங்கள்.